நிண்டு பாக்காதை, ஓடிக்கொண்டு பார்

2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 11 பேர். வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4–4, இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் புளூ ஜேய்ஸ் ஆட்கள். ஒரே ஒரு ஓட்டம் வந்தால் போதும், 1993க்குப் பிறகு கிண்ணம் ரொறன்ரோவுக்கு. எர்னி கிளெமென்ட் அடித்த பந்து இடது பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் உயரப் போகுது. மாமா கதிரையை விட்டு எழும்பிக் கத்தத் தொடங்கிட்டார். டொட்ஜர்ஸின் லெஃப்ட் ஃபீல்டர் கிகே ஹெர்னாண்டஸ் சுவரை நோக்கிப் பின்னால் ஓடுகிறார். அந்த இன்னிங்ஸில்தான் உள்ளே வந்த சென்டர் ஃபீல்டர் ஆண்டி பாஹேஸ் பக்கவாட்டில் பாய்ந்து வருகிறார். இரண்டு பேரும் மோதுகிறார்கள். ஹெர்னாண்டஸ் கீழே. பந்து பாஹேஸின் கிளவுஸுக்குள்.

11ஆவது இன்னிங்ஸில் 5–4 என்று தோற்றோம். அதைப் பற்றி இனிக் கதைக்கிறதாக இல்லை.

பிடியைப் பற்றித்தான் கதைக்க வேணும். அடுத்த வார எபிசோட்டில் அதை எப்படி அளக்கிறார்கள் என்று அரை மணித்தியாலம் பேசினோம், கேட்டிருப்பீர்கள். மேஜர் லீக் மைதானங்களில் 2020இல் இருந்து ஹோக்-ஐ கமராக்கள், மைதானத்துக்கு 12. அவை தரும் தரவில்தான் ஸ்டாட்காஸ்ட் ஓடுது. ஆள் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, பந்து எத்தனை செக்கன் வானில் நின்றது, ஓடியது பின்னாலா முன்னாலா, சுவர் கிட்ட இருந்ததா என்பதை எல்லாம் வைத்து, அந்தப் பந்து பிடிபடும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று அது சொல்லும். 25 வீதமோ அதற்குக் கீழோ என்றால் ஐந்து நட்சத்திரப் பிடி. முதல் ஒன்றரைச் செக்கனில் எத்தனை அடி நகர்ந்தார், அடுத்த ஒன்றரைச் செக்கனில் எத்தனை அடி என்றுகூடத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எபிசோட்டைக் கேட்டுவிட்டு அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "கமராவுக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு சொல்லிப்போட்டாய். அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

பதில் சொல்ல எனக்கு நாலைந்து கிழமை எடுத்தது. சுருக்கமான பதில்: அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

எனக்கு இது கொஞ்சம் தனிப்பட்ட விசயம். 11 வயதில் இங்கே ஒரு ஹவுஸ் லீக்கில் சேர்ந்தேன். என்னை ரைட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். ஏன் என்று விளையாடினவர்களுக்குத் தெரியும், அந்த வயதில் அங்கே பந்து வராது. ஒருநாள் வந்தது. இரண்டடி முன்னால் வைத்தேன், பந்து தலைக்கு மேலால் போய் வேலியில் அடித்தது. கோச் கூப்பிட்டு, கோபப்படாமல்தான், சொன்னார்: முதலில் பந்து எங்கே விழப்போகிறது என்று பார், பிறகு அங்கே ஓடு. சரியான புத்திமதி மாதிரித்தான் இருந்தது. அடுத்த பந்துக்கு நின்று, நல்லாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்க அது எனக்கு எட்டடி முன்னால் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த சீசனில் அதிகமாக பெஞ்ச்தான். அடுத்த வருசம் நான் போகவில்லை. எனக்குப் பந்து கணிக்கிற மூளை இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன், பிறகு இருபது வருசம் அதை மாற்றவும் இல்லை.

அன்றைக்குக் காரில் வரும்போது அப்பா சொன்னது: "நிண்டு பாக்காதை. ஓடிக்கொண்டு பார்." நான் காதில் எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடின மனுசனுக்கு பேஸ்போலைப் பற்றி என்ன தெரியும்? அதோடு அப்பாவுக்குச் சின்ன வயதில் அடிபட்டு இடது கண் பார்வை சரியான மட்டம். வீட்டுக்குள் கார்த் திறப்பை எறிந்தால் பிடிக்க மாட்டார். அவர் எனக்குப் பிடி பழக்குறாராம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதேங்கோ, 10ஆம் வகுப்புக் கணக்குத்தான். காற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். பந்து செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் மேல்நோக்கியும், 20 மீற்றர் வேகத்தில் உங்கள் பக்கமாகவும் கிளம்புகிறது. புவியீர்ப்பை 10 என்று எடுத்தால் அது 5 செக்கன் வானில் நின்று 100 மீற்றரில் விழும். ஒவ்வொரு செக்கனிலும் பந்தின் உயரத்தை, பந்துக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள தரைத் தூரத்தால் பிரியுங்கள். அந்த எண்தான் பந்து உங்கள் கண்ணில் எவ்வளவு மேலே தெரிகிறது என்பதன் அளவு.

நீங்கள் சரியாக 100 மீற்றரில் நின்றால் அந்த எண் 0.25, 0.5, 0.75, 1 என்று போகும். ஒரே சீராக ஏறுது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 80 மீற்றரில் நின்றால் 0.33, 0.75, 1.5. வரவர வேகமாக ஏறி, நாலாவது செக்கனில் பந்து நேரே உச்சந்தலைக்கு மேல் 20 மீற்றர் உயரத்தில் இருக்கும், அதாவது தப்பிவிட்டது. 120 மீற்றரில் நின்றால் 0.2, 0.375, 0.5, பிறகும் 0.5. ஏறுவது தளர்ந்து நின்றுவிடும். பந்து உங்களுக்கு முன்னால் விழப்போகுது.

அப்ப விதி என்ன? பந்து கண்ணுக்குள் ஏறுகிற வேகம் கூடினால் பின்னால் போ, குறைந்தால் முன்னால் வா, சீராக ஏறினால் அப்படியே விடு. 1968இல் செவில் சாப்மன் என்ற இயற்பியலாளர் அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் ஃபிசிக்ஸில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். பந்தின் வேகம் தெரிய வேண்டாம், கோணம் தெரிய வேண்டாம், எங்கே விழும் என்பது கடைசி வரைக்கும் தெரிய வேண்டாம். கண்ணில் தெரிகிற ஒரே ஒரு விசயத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு ஓடினால், ஓடி முடியிற இடத்தில் பந்து இருக்கும்.

உண்மையான பந்துக்குக் காற்று உண்டு, சுழற்சி உண்டு, அதன் பாதை பள்ளிக்கூடத்துப் பரவளைவு இல்லை என்று பிறகு மற்ற இயற்பியலாளர்கள் சாப்மனைப் பிடித்தார்கள். நியாயம்தான். ஆனால் விதியின் அழகே அங்கேதான். நின்ற இடத்தில் இருந்து கணக்குப் போடுகிறவனுக்குக் காற்று ஒரு பிழை. ஓடி ஓடித் திருத்துகிறவனுக்குக் காற்றும் கண்ணில் தெரிகிற மாற்றத்துக்குள் வந்துவிடும், அவன் அதற்கும் சேர்த்துத்தான் திருத்துகிறான்.

மேலே உள்ள எண்களில் முதல் செக்கனை மட்டும் திரும்பப் பாருங்கள். 0.25, 0.33, 0.2. இவைக்கு இடையில் வித்தியாசம் கொஞ்சம்தான். அதோடு ஒரு பொருள் வேகம் கூட்டுதா குறைக்குதா என்று கண்ணால் மட்டிடுவதில் மனிதர் படுமோசம். ஆக "முதலில் பார், பிறகு ஓடு" என்பது, தகவலே இல்லாத நேரத்தில் முடிவெடுக்கச் சொல்வது. என் கோச்சில் பிழை சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்லாகப் பிடிக்கிறவர்களிடம் எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

சாப்மன் சொன்னது பேப்பரில். ஆட்கள் உண்மையிலேயே அப்படித்தான் ஓடுகிறார்களா? 1993இல் இங்கிலாந்தில் பீட்டர் மக்லியொட், சொல்டான் டீனஸ் இரண்டு பேரும் பிடிக்க ஓடுகிறவர்களை வீடியோ எடுத்து அளந்து பார்த்தார்கள். விழுகிற இடம் முன்னமே தெரிந்தால் வேகமாக ஓடிப்போய் அங்கே நின்று காத்திருக்கலாம்தானே? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பந்தின் எழுச்சி சீராகத் தெரியும்படி தங்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பந்தோடு சேர்ந்துதான் அந்த இடத்துக்குப் போனார்கள். 1995இல் அமெரிக்காவில் மைக்கேல் மக்பீத் குழு பிடிக்க ஓடுகிறவர்களின் தோளில் கமராவை வைத்து ஓட விட்டு, சயன்ஸ் சஞ்சிகையில் வேறொரு விளக்கம் எழுதியது: பந்து கண்ணுக்கு ஒரு நேர்கோட்டில் போவதுபோலத் தெரியும்படிதான் ஓடுகிறார்கள், பாதை வளைந்தால் அந்த வளைவை நிமிர்த்துகிற பக்கம் ஓடுகிறார்கள் என்று. இரண்டு கட்சிக்கும் பல வருசம் சண்டை. 2009இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் வீஆர் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, உண்மையில் நடக்கவே முடியாதபடி பந்தின் பாதையை நடுவானில் மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு விளக்கமும் வேறு வேறு திசை சொல்லும்படி செய்கிற தந்திரம் அது. ஆட்கள் ஓடிய விதம் சாப்மன் பக்கம்தான் சாய்ந்தது. வீஆர் கொண்டு செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இது, மெட்டாவேர்ஸில் வீடு வாங்கினதைவிட.

நான் கதிரையை விட்டு எழும்பினது வேறொரு ஆய்வுக்கு. 1996, நெதர்லாந்து, ராவுல் அவுடேயான்ஸ் குழு. இந்தப் பந்தை உன்னால் பிடிக்க முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. ஒரு தரம் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துச் சொல்ல வேணும். மற்றத் தரம் ஓடத் தொடங்க விட்டு, கொஞ்ச நேரத்தில் பார்வையை மறைத்துவிட்டுக் கேட்டார்கள். ஓடினபோது சொன்ன பதில்கள்தான் கூடச் சரி.

நிண்டு பாக்காதை. ஓடிக்கொண்டு பார்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கு ஆராய்ச்சி செய்தவங்களோ?" என்றார்.

இத்தோடு நிறுத்தினால் கதை நல்ல வடிவாக முடியும். ஆனால் வில்லி மேய்ஸ் விடமாட்டார். 1954 செப்டெம்பர் 29, நியூ யோர்க் போலோ கிரவுண்ட்ஸ், வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 2–2. கிளீவ்லாந்தின் விக் வேர்ட்ஸ் நடுப்பக்கம் ஆழமாக அடித்தார். அந்த மைதானத்தின் நடு வேலி கிட்டத்தட்ட 480 அடி தூரம். மேய்ஸ் பந்துக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, ஓடு ஓடென்று ஓடி, கடைசியில் தோளுக்கு மேலால் வந்த பந்தைப் பிடித்தார். "த கெட்ச்" என்று சொன்னாலே போதும், எந்தப் பிடி என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரொறன்ரோ ஆட்களுக்குக் கிட்டத்து உதாரணம் வேணும் என்றால் டோல்டன் வார்ஷோ. 2025 ஏப்ரலில், பொஸ்டனுக்கு எதிராக, வழுக்கி விழுந்து, எழும்பி, சுவர்ப்பக்கம் பார்த்து ஓடி, கையைப் பின்னால் திருப்பிப் பிடித்தாரே, அது.

முதுகைக் காட்டி ஓடுகிறவன் கண்ணில் பந்தே இல்லை. அப்ப சாப்மனின் விதி எங்கே போனது? என் விளக்கம் இது, யாரும் மறுக்கலாம்: ஆயிரக்கணக்கான பந்துகளுக்கு விதியின்படி ஓடின உடம்புக்கு, முதல் அரைச் செக்கனைப் பார்த்தே ஒரு பருமட்டான இடம் தெரிய வருது. அந்த இடத்தை நம்பித் தலையைத் திருப்பி முழு வேகத்தில் ஓடலாம், ஏனென்றால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடினால் வேகம் குறையும். பிறகு திரும்பக் கண்ணால் பிடித்து மிச்சத்தைத் திருத்த வேணும். ஆனால் அது 11 வயதுப் பிள்ளைக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் இல்லை.

கிரிக்கெட்டில் இதற்குக் கிட்டவான பிடி கபில் தேவுடையது. 1983 ஜூன் 25, லோர்ட்ஸ். இந்தியா எடுத்தது வெறும் 183. விவியன் ரிச்சர்ட்ஸ் 33 ஓட்டத்தில் நின்று மதன் லாலின் பந்தைத் தூக்கி அடிக்க, மிட்விக்கெட் பக்கம் நின்ற கபில் பின்னால் ஓடி, தோளுக்கு மேலால் கண்ணை எடுக்காமல் வந்து பிடித்தார். மேற்கிந்தியத் தீவுகள் 140க்குச் சுருண்டன. அப்பா அதை ரேடியோவில் கேட்டவர், அப்ப அவருக்கு 21 வயது. பிடியைக் கண்ணால் கண்டது கனடா வந்த பிறகு வீடியோவில்தான். அந்த மட்ச்சைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. ஒரு மாதத்தில் 83 ஜூலை வந்துவிட்டது.

இனி அப்பாவின் கண். எனக்கு உண்மையில் உறைத்த இடம் இதுதான்.

வருசா வருசம் கோடையில் தொம்சன் பார்க்கில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல் நடக்கும். பெடியள் சொஃப்ட்போல் அடிப்பார்கள். உயரப் போன பந்துக்கு அப்பா கீழே போய் நின்று பிடித்ததை நான் நாலைந்து தரம் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் "அதிர்ஷ்டம்" என்று நினைத்தேன். ஏனென்றால் வீட்டில் திறப்பைப் பிடிக்கத் தெரியாத ஆள். ஒற்றைக் கண்ணால் ஆழம் தெரியாது என்று எல்லாரையும்போல நானும் நம்பினேன்.

இரண்டு கண்ணுக்கும் இடையில் தூரம் கிட்டத்தட்ட 6 சென்டிமீற்றர். 60 மீற்றர் தள்ளி இருக்கிற பந்தை இடக்கண்ணும் வலக்கண்ணும் பார்க்கிற கோணத்தில் வித்தியாசம் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். தூரத்துப் பந்துக்கு இரண்டாவது கண் பெரிசாக ஒன்றும் சொல்வதில்லை. சாப்மன் விதிக்கு ஒரு கண் போதும். இரண்டு கண் தேவைப்படுவது கிட்டத்தில்: கிட்ட நின்று எறிகிற திறப்பு, ஸ்லிப்பில் வருகிற பந்து. அங்கே ஓட நேரம் இல்லை, கையை எந்த நொடியில் மூடுவது என்பதுதான் முழுப் பிரச்சினை. 2004இல் பெல்ஜியத்தில் மசீன் குழு ஒரு கையால் பிடிக்க விட்டுச் சோதித்தார்கள். இரு கண் ஆழப் பார்வை மட்டமான ஆட்கள் குறைவாகப் பிடித்தார்கள், பந்தின் வேகம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடியது.

ஆகவே அப்பா திறப்பைத் தவறவிட்டதும் உண்மை, உயரப் பந்தைப் பிடித்ததும் உண்மை, இரண்டும் ஒரே கண்ணால்தான். அதிர்ஷ்டம் என்று நான் சொன்னது அவரை நான் சரியாகப் பார்க்காத குறை.

அவர் பிடிக்கிற விதத்திலும் அது தெரியும். ஒரு கையை நீட்டமாட்டார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் கிண்ணம் மாதிரி வைத்து, பந்து படப்பட நெஞ்சுப் பக்கம் இழுப்பார். கை மூடுகிற நொடி கொஞ்சம் பிழைத்தாலும் பந்து எங்கேயும் போகாது. கை நோகாததற்கும் காரணம் அதுதான். 150 கிராம் பந்து செக்கனுக்கு 30 மீற்றரில் வந்தால் கிட்டத்தட்ட 67 ஜூல். அதை 5 சென்டிமீற்றருக்குள் நிறுத்தினால் கைக்கு வருவது ஏறக்குறைய 135 கிலோ பாரத்தின் விசை. 30 சென்டிமீற்றர் பின்னால் இழுத்து நிறுத்தினால் 22 கிலோ அளவு. பேஸ்போல்காரருக்குத் தோல் கிளவுஸ் இருக்கு. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைத் தவிர மற்ற எல்லாருக்கும் வெறுங்கை, பந்தும் கொஞ்சம் பாரம். கையைப் பின்னால் இழுக்கப் பழகாதவன் விரலை உடைத்துக்கொள்வான்.

டெக் பொட்காஸ்ட் என்றபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜேர்மன் விண்வெளி நிலையமான டீஎல்ஆரின் ஜஸ்டின் றோபோ பந்து பிடிக்கும், அதன் வழி வேறு: தலையில் உள்ள கமராவால் பாதையைக் கணித்து, எங்கே வரும் என்று முன்கூட்டியே முடிவெடுத்துக் கையைக் கொண்டுபோகும். என் கோச் கேட்டதை உண்மையிலேயே செய்யக்கூடிய பிள்ளை அதுதான். நாய்கள் எங்கள் பக்கம். 2004இல் நாயின் தலையில் கமரா கட்டி ஃபிரிஸ்பீ எறிந்து பார்த்தார்கள், அவையும் கண்ணில் பாதையை நேராக வைத்துக்கொண்டுதான் ஓடின. கப்பலோட்டிகளுக்கு இது பழைய விசயம்: தூரத்துக் கப்பல் தெரிகிற திசை மாறாமல், கப்பல் மட்டும் பெரிசாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறீர்கள். சைட்வைண்டர் ஏவுகணை இலக்கைத் துரத்துவதும் இந்தக் குடும்பத்து விதியால்தான். பந்தின் பின்னால் ஓடுகிற பிள்ளையும் அதுவும் சொந்தக்காரர் என்பது எனக்கு அவ்வளவு உவப்பான செய்தி இல்லை.

இந்த மே மாதம் அக்காவின் மகனைத் தொம்சன் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 9 வயது. முதல் வருசம் ஹவுஸ் லீக். எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. "எனக்குப் பந்து வாற இடம் தெரியாது, நான் நிப்பாட்டப் போறன்" என்று ஏற்கெனவே வீட்டில் சொல்லிப்போட்டான்.

டென்னிஸ் பந்தும் ராக்கெட்டும் கொண்டு போனோம், உயர அடிக்க வசதி. பிடிக்கவே தேவையில்லை என்று சொன்னேன். கிளவுஸைக் கழற்றி வை, பந்து அடிபட்ட உடனே ஏதாவது ஒரு பக்கம் ஓடத் தொடங்கு, பிழையான பக்கம் என்றாலும் பரவாயில்லை, பந்தில் இருந்து கண்ணை எடுக்காதே, பந்து உன் மேலே விழ வேணும், அவ்வளவுதான். முதல் ஏழெட்டுப் பந்துக்கு நின்றுதான் பார்த்தான், பழக்கம். அப்பா பெஞ்சில் இருந்து "ஓடு ராசா, ஓடு, ஓடு" என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு ஓடத் தொடங்கினான். ஒன்று ஐந்தடி தள்ளி விழுந்தது, ஒன்று காலடியில். ஒன்று தோளில் தட்டிப்போனது. 16ஆவதோ 17ஆவதோ, பின்னால் பின்னால் போய், நின்று, நேரே நெற்றியில் வாங்கினான்.

அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சரியான இடத்திலதான் நிக்கிறாய்," என்றார் அப்பா. "இனிக் கையைத் தூக்கினாச் சரி."